இறக்கம்

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் நூறு மைல் என்ற இடத்தில் ஒருமுறை வாயைப் பிளப்பார்கள். ஏற்றம் மொத்தம் 18,000 அடி, இறக்கம் 23,000 அடி என்று மேற்கொண்டு சொன்னதும் முகம் தெளிந்துவிடும். “அப்ப இறக்கம்தான ஜாஸ்தி, பரவாயில்லையே” என்பார்கள். சியாரா நெவாடா மலையில் ஒலிம்பிக் வேலியிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கலிபோர்னியாவின் வெயில் பள்ளத்தாக்குகளில் விழுந்து எழுந்து, ஆபர்ன் என்ற சிற்றூரின் பள்ளிக்கூட மைதானத்தில் முடிகிற ஓட்டம் அது. முப்பது மணி நேரம் கெடு. கெடுவைத் தவறவிட்டவர்களில் பலரை ஏற்றம் தோற்கடிக்கவில்லை. இறக்கம்தான் தொடையைத் தின்றது.

எங்கள் அப்பத்தாவுக்கு இது தெரியும். பழனி மலையில் படியேறும்போது பேரப் பிள்ளைகளை முந்திக்கொண்டு போவாள். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, நண்டு மாதிரி இறங்குவாள். கேலி செய்தால், “ஏறையில முருகன் இழுத்துக்கிருவான்டா. இறங்கையில நம்ம முட்டிதான் நமக்கு” என்பாள்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் தசைக்கு அது பழகிய வேலை. இறங்கும்போது அதே தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இழுபட்டுக்கொண்டே இழுபட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற வேலை. ஒவ்வோர் அடியிலும் இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. மூச்சு சீராக இருப்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மனசு நம்பிக்கொண்டிருக்கும். கணக்கு மறுநாள்தான் வரும். அதன் உச்சம் அதற்கும் மறுநாள்.

இதை எனக்கு முதலில் விளக்கியது மருத்துவர் யாரும் இல்லை. கலிபோர்னியாவில் நான் வசிக்கும் ஃபோல்சம் ஊரில் ஏரிக்கரையில் நடக்க வரும் ஒரு அக்கா. திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயதைத் தொடும்போது சர்க்கரை எல்லைக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லப்பட்டு நடக்க ஆரம்பித்தவர். நடை ஓட்டமாகி, ஓட்டம் தார்ச் சாலையை விட்டு மண் தடத்துக்கு இறங்கி, ஒரு கட்டத்தில் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து, “இவ எங்க போய்ட்டு இருக்கான்னு எனக்கே தெரியல” என்று விருந்தாளிகளிடம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் ஓடச் சில நூறு பேருக்குத்தான் இடம். விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். தகுதி ஓட்டம் ஒன்றை முடித்துக்காட்டி, டிசம்பரில் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்து, பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டு கூடுதல் சீட்டோடு மறுபடி காத்திருக்க வேண்டும். அக்கா பல ஆண்டுகள் காத்திருந்தார். பெயர் வந்த அன்று தொலைபேசியில் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. “தம்பி, நீங்கதான் பேசர். வேற ஆள் இல்ல” என்றார்.

பேசர் என்றால் 62ஆவது மைலில், ஃபாரஸ்ட்ஹில் என்ற ஊரில் சேர்ந்துகொண்டு, கடைசிவரை கூட ஓடுகிறவர். பையைத் தூக்கக்கூடாது, கைகொடுத்து இழுக்கக்கூடாது. பேசலாம். வழி பார்க்கலாம். சாப்பிடுங்கள் என்று நச்சரிக்கலாம்.

இந்த ஓட்டமே ஒரு குதிரை நொண்டியதால் பிறந்தது. டெவிஸ் கப் என்று நூறு மைல் குதிரைப் பயணம் ஒன்று 1955 முதல் இதே மலைத் தடத்தில் நடந்துவருகிறது. ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும். கார்டி ஐன்ஸ்லி என்ற ஆஜானுபாகுவான மரம்வெட்டியின் குதிரை 1973இல் வழியிலேயே நொண்டிவிட்டது. 1974இல் அவர் குதிரை இல்லாமலே வந்தார். குதிரைகளோடு கிளம்பி, கால்நடையாக ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்ன் போய்ச் சேர்ந்தார். 1977இல் மனிதர்களுக்கென்று ஓர் ஓட்டம் தொடங்கியபோது குதிரைப் பழக்கங்கள் சிலவும் கூடவே வந்தன. முடித்தவர்களுக்குத் தருவது பதக்கம் அல்ல, இடுப்பு வாரில் மாட்டும் பக்கிள்: ஒரு நாளுக்குள் முடித்தால் வெள்ளி, முப்பது மணிக்குள் வெண்கலம். குதிரைகளை வழியில் நிறுத்திக் கால்நடை மருத்துவர் பார்ப்பதுபோல ஓட்டக்காரர்களையும் நிறுத்தி நிறுத்தி எடை பார்த்தார்கள். எடை இறங்கினால் தண்ணீர் போதவில்லை என்று கணக்கு. அப்புறம்தான் எடை ஏறுவது அதைவிட ஆபத்தாகலாம் என்று தெரியவந்தது. பயத்தில் மடமடவென்று தண்ணீரைக் குடித்து, ரத்தத்தில் உப்புச் செறிவு நீர்த்துப்போய், மூளை வீங்கி ஆள் சுருண்டுவிடலாம். தாகம் எடுத்தால் குடி என்று அப்பத்தா காலத்து அறிவுரைக்கே மருத்துவமும் பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கிறது.

பயிற்சி என்றால் பலரும் நினைப்பது வேகம். நாங்கள் பயின்றது பெரும்பாலும் நடை. நூறு மைல்காரர்களில் முன்வரிசையில் ஒரு கைப்பிடி ஆட்களைத் தவிர எல்லாருமே செங்குத்தான ஏற்றத்தில் நடப்பவர்கள்தான். கையை முட்டியில் ஊன்றி, குனிந்து, விடாமல் நடப்பவர்கள். சனிக்கிழமை நீண்ட ஓட்டம், அந்தக் களைப்பு ஆறுமுன் ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. சோர்ந்த காலோடு கிளம்பப் பழகுவதுதான் அதன் நோக்கம். இடையில் வாரத்துக்கொருமுறை இறக்கம் மட்டும். ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் வேகமாக இறங்கி, நிதானமாக நடந்து ஏறி, மறுபடி இறங்குவது. ஒருமுறை இறங்கி இறங்கித் தசை கிழிபட்டால், ஆறியபின் பல வாரங்களுக்கு அதே இறக்கம் முன்போல் கிழிப்பதில்லை. உடற்பயிற்சி அறிவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. நாங்கள் கிழிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

வெயில் இன்னொரு பாடம். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு வெயில் என்ன செய்துவிடும் என்று உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது. வெக்கைக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்புக் குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் கழன்றுபோகும். குளிர்சாதன அறையில் கணினிமுன் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொந்த ஊர் சித்திரை வெயில் சேமிப்பில் இருக்காது. அக்கா உடற்பயிற்சிக் கூடத்து சானாவில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசத்தை முழுதாகச் சொல்லி முடிப்பார். “அடுத்த வாரம் ரெண்டு தடவ சொல்லிருவேன்” என்பார். அதுதான் அவர் கடிகாரம்.

அந்தத் தடங்களில் வேறு விஷயங்களும் உண்டு. தொட்டால் கொப்பளிக்கும் பாய்சன் ஓக் செடி, கோடையில் பாதையில் படுத்திருக்கும் கிலுகிலுப்பைப் பாம்பு. 1994இல் இந்தப் பள்ளத்தாக்கில் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மலைச்சிங்கம் கொன்றது. விடியற்காலையில் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மினுங்கினால் அது மான்தான் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச தூரம் சத்தமாகப் பேசிக்கொண்டே ஓடுவோம்.

ஃபாரஸ்ட்ஹில்லில் அக்கா வந்து சேர்ந்தபோது இரவு பதினொரு மணி வாக்கில் இருக்கும். பதினெட்டு மணி நேரமாக ஓடிவருகிறார். பகலில் கேன்யன்களைக் கடந்து வந்திருந்தார். லாஸ்ட் சான்ஸ், டெட்வுட், டெவில்ஸ் தம்ப், மிச்சிகன் பிளஃப் என்று தங்க வேட்டைக் காலம் விட்டுப்போன பெயர்கள். டெவில்ஸ் தம்ப் ஏற்றத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். தொப்பிக்குள் ஐஸ், கழுத்துத் துணிக்குள் ஐஸ், கையுறைக்குள் ஐஸ். உடம்பு குளிர்ந்திருந்தாலும் கால் ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தது. அவர் மகள் ஷூவைக் கழற்றினாள். உள்ளங்காலில் கொப்புளங்கள்.

திண்டுக்கல்லில் நத்தம் சாலையில் எங்கள் வீட்டுத் திண்ணை அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. தை மாதம் பூசத்துக்கு முந்தைய நாட்களில் அந்தச் சாலை முழுக்க மனிதர்கள் பழனிக்கு நடந்துபோவார்கள். குன்றக்குடிப் பக்கமிருந்து செட்டியார்களின் காவடிகள், பின்னால் பச்சை உடுத்திய ஊர் ஊரான கூட்டம். வாசலில் பெரிய அண்டாவில் அப்பத்தா பானகம் கரைத்து வைப்பாள். வெல்லம், புளி, சுக்கு, ஏலம், ஒரு கல் உப்பு. என் வேலை வெந்நீர். உப்புப் போட்ட வெந்நீரைப் பித்தளைச் செம்பில் எடுத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் காலில் ஊற்ற வேண்டும். ஒருவர் கொப்புளத்தை ஊசியால் குத்தி, நூலைக் குறுக்கே விட்டு, நூலை உள்ளேயே விட்டுவைத்தார். நீர் வடிந்துகொண்டே இருக்குமாம். முகத்தைச் சுளிக்கவே இல்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் முருகா என்பார். வலிக்கிறதா என்றாலும் அதே பதில்.

ஃபாரஸ்ட்ஹில்லில் ஊசி இருந்தது, நூல் இல்லை. ஒட்டுத்துணியை இறுக்கி ஒட்டினார்கள். எல்லாரும் தொண்டர்கள், முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் சூப் நீட்டினார். இன்னொருவர் உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கு. அக்கா கொண்டுவந்திருந்த புளிச்சாத உருண்டையைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒன்று கேட்டு வாங்கித் தின்று, தலையாட்டிவிட்டுப் போனார்.

அங்கிருந்து ஆறு வரை பதினாறு மைல், பெரும்பாலும் இறக்கம். புதியவர்கள் இங்கே சந்தோஷப்படுவார்கள். காலில் மிச்சம் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் இங்கே ஓடுவார்கள். மற்றவர்கள் ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி இறங்குவார்கள். அக்காவிடம் மிச்சம் இருந்தது. அந்த வாராந்தர இறக்கங்கள் அங்கே வந்து நின்றன. வயிறுதான் கைவிட்டது. ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விட்டால் குடலுக்குக் கிடைப்பது கொஞ்சம். உள்ளே போனது அப்படியே குலுங்கிக்கொண்டு கிடக்கும். இரண்டுமுறை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “பேசிக்கிட்டே வாங்க தம்பி. பதில் மட்டும் எதிர்பாக்காதீங்க” என்றார். நான் அலுவலக வம்பு எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுப் பாகப்பிரிவினைக்குப் போய், கடைசியில் அப்பத்தாவிடம் வந்து நின்றேன். நண்டு மாதிரி இறங்குவாள் என்றதும் அக்கா நின்றார். வலிக்குத்தான் நின்றார் என்று நினைத்தேன். ஒரு செங்குத்தான திருப்பத்தில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலும் வைத்து, அப்பத்தாவைப் போலவே இறங்கிக் காட்டினார். பிறகு நிஜமாகவே அப்படித்தான் இறங்க வேண்டியிருந்தது.

நடுச்சாமத்துக்குப் பிறகு அவருக்குக் கண்ணில் உருவங்கள் தெரிய ஆரம்பித்தன. “அந்தப் பெரியவரு எதுக்கு வேட்டியோட இங்க வந்து குத்தவச்சிருக்காரு?” வெள்ளைப் பாறை. தூக்கம் கெட்டு உடம்பு களைத்தால் மூளை நிழல்களுக்கு ஆள் வடிவம் கொடுத்துவிடும். ஓட்டக்காரர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் பாறைக்கு வணக்கம் சொல்லிவிட்டு அக்காவை அதைத் தாண்டிக் கூட்டிப்போனேன்.

விடியுமுன் ரக்கி சக்கி என்ற இடத்தில் அமெரிக்கன் ஆறு. குறுக்கே இரும்பு வடம் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு குளிர்நீரில் கடக்க வேண்டும். தண்ணீர் கூடுதலாக வரும் ஆண்டுகளில் படகு. வடம் நெடுக, நீருக்குள், ரப்பர் உடுப்பில் தொண்டர்கள் இரவு முழுக்க நிற்கிறார்கள். “இங்க ஒரு பள்ளம், இங்க ஒரு கல்லு” என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வார்த்தையாலேயே அக்காவைக் கடத்திவிட்டார்கள். அக்கரை ஏறியதும், “கால் எனக்குத்தானா இருக்கு?” என்று கேட்டார். குளிர் அந்த அளவுக்கு நல்லது செய்திருந்தது.

கெடுவின் கடைசி மணி நேரத்தை இந்த ஓட்டத்தில் பொன் மணி என்கிறார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று. முன்னணி வீரர்கள் முந்தின மாலையே முடித்து, குளித்து, தூங்கி, மறுபடி மைதானத்துக்கு வந்து கடைசி ஆட்களுக்காக நின்று கத்துவார்கள். 2015இல் எழுபது வயது குன்ஹில்ட் ஸ்வான்சன் கெடுவுக்கு ஆறு விநாடி இருக்கையில் முடித்தார். 29 மணி, 59 நிமிடம், 54 விநாடி. அந்த ஆண்டின் வெற்றியாளர் ராப் கிரார் வெறும் செருப்போடு அவர் பக்கத்தில் ஓடிவந்தார். இதே மைதானத்தில் இன்னொரு முகமும் உண்டு. 2006இல் முதல் ஆளாக உள்ளே நுழைந்த பிரையன் மாரிசன் டிராக்கில் விழுந்து விழுந்து எழுந்தார். கூட வந்தவர்கள் தாங்கிக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். உதவி பெற்றார் என்று தகுதி நீக்கம் ஆயிற்று. விதி சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் விழுகிறவனைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கிற பேசராக இருக்க என்னால் முடியுமா என்று அந்தக் கடைசி ஊர் ஏற்றத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா விழவில்லை. அவர் ஓடிய ஓட்டத்தைவிட வேகமாக என்னால் நடக்க முடிந்தது. அவர் அதை ஓட்டம் என்றே சொல்கிறார், நானும் அப்படியே சொல்கிறேன். வெண்கல பக்கிள்.

இதுவரைக்கும்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். படம் எடுத்தாலும் இத்தோடு முடிந்துவிடும்.

ஓட்டம் முடிந்த பிறகும் சிதைந்த தசைகளிலிருந்து கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அளவு மிஞ்சினால் சிறுநீர் கோலா நிறத்தில் போகும். அப்போது மருத்துவமனைதான் வழி. அதனால்தான் ஓட்டத்தின்போதும் முடிந்த கையோடும் ஐபுபுரூஃபன் மாதிரி வலிமாத்திரை போடாதே என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறார்கள். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். அக்கா வீட்டில் எல்லாரும் சிறுநீர் நிறத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள், மாமியார் உட்பட. முதல் இரவு தூக்கம் வரவில்லை, கால் தானாகத் துடித்தது, வேர்த்து வேர்த்துத் துணி மாற்றினார். மறுநாள் கணுக்கால் வீங்கிக் கொலுசு ஏறவில்லை. பசி மட்டும் அண்டா அண்டாவாக வந்தது. மிளகு ரசமும் சாதமும், சாதமும் மிளகு ரசமும். வீட்டில் படுக்கையறை மாடியில். ஏறிவிடுவார். இறங்கத்தான் பின்பக்கமாகத் திரும்பி, குழந்தை மாதிரி, ஒவ்வொரு படியாக. இரண்டு பெருவிரல் நகங்கள் கறுத்து, கழன்று விழ மாதங்கள் ஆயின.

அதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாமல் வந்தது மூன்றாவது வாரம். வலி போய்விட்டது. காலண்டரில் ஒன்றும் இல்லை. “காலைல நாலரைக்கு முழிப்பு வருது தம்பி. எதுக்கு எந்திரிக்கணும்னுதான் தெரியல.” சமையலறையில் காரணமில்லாமல் கோபப்படுகிறார் என்று மகள் சொன்னாள். பத்து ஆண்டு ஆசை முப்பது மணிக்குள் செலவாகிவிட்டது. பல ஓட்டக்காரர்கள் இதைச் சரிக்கட்ட உடனே அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். தசை ஆறுமுன் அடுத்ததில் விழுந்து, ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அவசரம் பிடிக்காது.

பழனிக்குப் போகிற கூட்டத்தை ஊரே பார்க்கும். பூசம் முடிந்ததும் பெரும்பாலோர் பஸ் ஏறிவிடுவார்கள். காவடி எடுத்த செட்டியார்கள் மட்டும் திரும்பவும் நடந்தே ஊர் போவார்கள். அப்போது பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அப்பத்தா மட்டும் அந்த நாட்களிலும் சின்னதாக ஓர் அண்டா வைப்பாள். திரும்பி வருகிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது அவசரப்பட்டவர்கள், வரும்போது எங்கள் வேப்பமரம் எத்தனை வயது என்று விசாரிப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஏரிக்கரையில் நடக்க வந்தார். கைக்கடிகாரம் கட்டவில்லை. ஒரு சின்ன இறக்கம் வந்தது, அதையும் நடந்தேதான் இறங்கினோம். டிசம்பர் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

“இல்ல. ஆத்துல நிக்கிறதுக்குப் பேர் குடுக்கப் போறேன். ராத்திரி ஷிஃப்ட்.”

“தண்ணி ஐஸ் மாதிரி இருக்குமேக்கா.”

“இருந்துட்டுப் போவுது. உங்க பேரையும் சேத்துத்தான் எழுதப் போறேன். ரப்பர் டிரஸ் சைஸ் கேப்பாங்களாம், இடுப்பளவு என்ன?”